அழுகையா, சிரிப்பா

ஊரில் பாதிப் பேருக்கு அது சிரிப்பு, மீதிப் பேருக்கு அழுகை. படம் வந்த நாளிலிருந்து டீக்கடையிலும் பஸ்ஸிலும் இதே பஞ்சாயத்துதான். கணவனைக் கொன்றது மனைவியா இல்லையா என்று படம் கடைசிவரை வாயைத் திறக்காது. கடைசிக் காட்சியில் அவளுக்கு ஒரு போன் வரும், பிணம் கிடைத்துவிட்டது என்று. அவள் போனைக் காதில் வைத்ததும் திரை கறுத்துவிடும். இருட்டில் அவள் குரல் மட்டும் கேட்கும். அழுதிருந்தால் பாவம், ஒன்றும் அறியாதவள். சிரித்திருந்தால் கொலைகாரி. வேலைவெட்டி இல்லாதவர்கள் எல்லாம் அந்தச் சத்தத்தைத் தங்கள் வாயாலேயே செய்து காட்டி, முடிவுக்கு அர்த்தம் இதுதான் என்று வீடியோ போட்டார்கள். போகப்போகச் சிரிப்புக் கட்சியின் கைதான் ஓங்கியது.

அந்தக் குரல் என்னுடையது. நான் டப்பிங் பேசுகிறவள். முகம் நடிகையுடையது, தொண்டை என்னுடையது. அழுகைக் காட்சி என்றால் என்னைத்தான் தேடுவார்கள். குழாயைத் திறக்கிற மாதிரி அழுவாள் என்று ஸ்டூடியோவில் எனக்குப் பெயர். பேசிவிட்டு வந்த படத்தை நான் பார்ப்பதில்லை. சமையல்காரிக்குப் பசிக்காது என்பார்களே, அந்தக் கதைதான். ஆனால் இந்த முறை சண்டையே என் குரலைப் பற்றியது. எனக்குக் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிருந்தது.

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்குச் சுண்டெலியைக் கூட்டிப் போனேன். சுண்டெலி என் அக்கா மகள், பத்தாவது படிக்கிறாள். அக்கா போன வருஷம் ஆஸ்பத்திரியில் இறந்ததிலிருந்து என்னோடு இருக்கிறாள். அவளுடைய அப்பாவுக்கு வேறு குடும்பம் உண்டு. என்கூட வந்துவிடு என்று அவர் வாராவாரம் போனில் கூப்பிடுவார். சித்திகூட இருக்கேன் என்று இவள் வாராவாரம் சொல்வாள். அந்த ஒரு வார்த்தையில்தான் என் வீடு நின்றுகொண்டிருந்தது. எனக்கென்று வேறு யாரும் இல்லை.

தியேட்டரில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு படம் பார்த்தாள். கொலைப் பேச்சு வரும்போதெல்லாம் நகம் பதிந்தது. கடைசியில் திரை கறுத்தது, சத்தம் வந்தது. நான் பேசிக் கொடுத்த அழுகை அது இல்லை. நான் கொடுத்தது மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடக்கி அழும் அழுகை. இது முதலில் 'ஹக்' என்று ஒரு மூச்சு, பிறகு கெக்கெக்கென்று தொண்டையில் உடைகிற சத்தம், கடைசியில் காற்றே இல்லாமல் ஓர் இழுப்பு. பின்வரிசையில் யாரோ, "பாத்தியா, சிரிக்கிறாடா" என்றான். விளக்கு போடுவதற்குள் சுண்டெலி கையை எடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றியதும் கேட்டாள்.

"அம்மா போயிட்டாங்கன்னு நான் போன் பண்ணப்போ நீங்க மைக் முன்னாடியா நின்னீங்க?"

ஆமாம் என்றேன்.

"அன்னிக்கு போன்ல நான் கேட்டது இதுதான் சித்தி. இதேதான். நீங்க இதைக் குடுத்துட்டீங்களா?"

கொடுக்கவில்லை, எனக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்றேன். அவள் சண்டை போடவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சண்டை போட்டிருக்கலாம்.

நடந்ததைச் சொல்கிறேன். டப்பிங் அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். ஒரு டேக் முடிந்து அடுத்த டேக் தொடங்குவதற்குள் அவர் பதிவை நிறுத்த மாட்டார். எல்லாம் முடிந்தது என்று நாங்கள் விடுகிற பெருமூச்சு சில நேரம் நடிப்பைவிட நன்றாக அமைந்துவிடும், அதற்காக. அந்த இடைவெளியில் நாங்கள் தும்முவோம், டைரக்டரைத் திட்டுவோம், வீட்டுக் கதை பேசுவோம். சாயங்காலம் அதையெல்லாம் அழித்துவிட வேண்டும் என்பது தொழில் தர்மம். எந்தத் தாளிலும் கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் மைக் முன்னால் மனிதர்களாக இருக்கிறோம்.

எங்கள் ஒலிப்பதிவாளரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவர் அறைக்குள் போனைக் கொண்டுபோனால் யாராக இருந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மட்டும் அவராகவே, வச்சுக்கோம்மா, எந்த நேரம் என்ன சேதி வருமோ என்றார். அன்றைக்கு அந்த மனசை நினைத்துக் கண்கலங்கினேன். சேதி அங்கேதான் வந்தது. தலையில் ஹெட்ஃபோன், ஒரு காதை மட்டும் விலக்கிவிட்டுப் போனை வைத்தேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து என்னைத் தாங்கிப் பிடித்தவரும் அவர்தான். பதிவு ஓடிக்கொண்டிருந்ததே, அதை நிறுத்திவிட்டு ஓடி வந்தாரா, ஓடவிட்டுவிட்டு வந்தாரா என்று இத்தனை நாள் நான் யோசித்ததே இல்லை.

படம் பார்த்த மறுநாள் காலையிலேயே அவர் முன்னால் போய் நின்றேன். மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். மழுப்பவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது. நீ கொடுத்த அழுகையில் முடிவு நிற்கவில்லை, டைரக்டர் அந்தக் காட்சியையே தூக்கிப் போட இருந்தார், அன்றைக்குப் பதிவானதை எடுத்துப் போட்டுக் காட்டினேன், ஆடிப்போய்விட்டார் என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு பூரிப்பு வேறு.

"அத எவளாலயும் செய்ய முடியாது தங்கச்சி. உன்னாலயே முடியாது. பேரு உனக்குத்தானே வந்துச்சு?"

நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேஸ், வக்கீல் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. நீங்கள் திருடினீர்கள், எனக்குத் தெரியாது. இதை வந்து அந்தப் பெண்ணிடம் உங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். வருகிறேன் என்றார். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

வந்தார். சுண்டெலியைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூடத்துக்குக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தேன். அவள் பை கதவோரம் இருந்தது. அப்பா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். அண்ணா டீயைக் குடித்தார், அவள் படிப்பை விசாரித்தார், அக்காவை நல்ல மனுஷி என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சித்திய தப்பா நினைக்காதம்மா. அன்னிக்கு இருந்த நிலையில அவங்களுக்கு என்ன தெரியும்? நான் கேட்டேன், தலையாட்டினாங்க. பாவம், அதுவே ஞாபகம் இல்ல அவங்களுக்கு."

வாய் கூசாமல் சொன்னார். எனக்குப் பரிந்து பேசுகிற குரலிலேயே சொன்னார். ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. அப்புறம் எல்லாம் புரிந்தது. அழிக்க வேண்டியதை அழிக்காமல் வைத்து விற்றவர் என்று வெளியே தெரிந்தால் இனி ஒரு கலைஞர் அவர் அறையில் கால் வைக்க மாட்டார். அவர் பிழைப்பை அவர் காப்பாற்றிக்கொண்டார். அதற்கு நான்தான் கிடைத்தேன்.

பொய் என்றேன். பச்சைப் பொய் என்று கத்தினேன். பாருங்க, இப்படித்தான் பதட்டப்படுறாங்க என்கிற மாதிரி சுண்டெலியைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து போனார். டம்ளரைக் கழுவித் தரட்டுமா என்று வேறு கேட்டார், மரியாதைக்காரர்.

கதவு சாத்தியதும் எனக்கு உடைந்துவிட்டது. இவள் முன்னால் அழக் கூடாது என்று அக்கா போனதிலிருந்து கட்டிக் காத்ததெல்லாம் கொட்டியது. அண்ணா என்று கூப்பிட்ட வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளுடைய பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். அக்காவுக்காகவும் சேர்த்துத்தான் அழுதேன். மூச்சு சிக்கி, தொண்டை உடைந்து, காற்றே இல்லாமல் இழுத்தது.

சுண்டெலி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முகம் பார்க்காமல், சத்தத்தை மட்டும், வெகுநேரம் கேட்டாள். பாவம், நம்பத்தான் பார்த்தாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு கண்ணைத் திறந்தாள்.

"நிஜமான்னு என்னால கண்டுபிடிக்க முடியல சித்தி" என்றாள்.

என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, பையை எடுத்துக்கொண்டாள்.