இரண்டு பேருக்கான மின்சாரம்

ஒரு வண்டிக்குள் எத்தனை பேர் தங்கப்போகிறார்கள் என்பதை அதன் மின்சாரப் பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஜெஸ்மி இயற்பியல் ஆசிரியை. அவளுக்கு அது உடனே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. தெரிந்ததை நம்பாமல் மூன்று மாதம் ஓட்டிவிட்டாள், அவ்வளவுதான்.

ஜூன் மாதம் கணவன் எபிசன் கத்தாரிலிருந்து அனுப்பிய முதல் பட்டியல் கையால் எழுதியது. இரண்டு விளக்கு, கூரையில் ஒரு விசிறி, சின்ன ஃபிரிட்ஜ், ஒரு லேப்டாப், இரண்டு போன். கடைசி வரியில், ‘ஜெஸ்மிக்குப் படிக்க ஒரு லைட், தலைமாட்டில்’ என்று இருந்தது. அந்த வரியை மட்டும் பெரிதாக்கி அவள் பலமுறை பார்த்திருக்கிறாள்.

கல்யாணமாகி இருபத்தொரு வருஷம். அவன் லீவில் வந்த நாட்களையெல்லாம் கூட்டினால் மூன்று வருஷம் தேறாது. மகள் அபினா கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். டிசம்பரில் எபிசன் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்துவிடுவது, வந்ததும் இருவருமாக மூன்று மாதம் வண்டியில் போவது என்று பேச்சு. முதல் நாள் சிதறால் மலையடிவாரம். அதன்பிறகு கரண்ட் கம்பி போகாத இடங்களாகப் பார்த்துத் தங்குவது. ஜெஸ்மி நெடுநேரம் பேசாமல் இருக்கக்கூடியவள். மடியில் ஒரு புத்தகம் இருந்தால் பகல் முழுதும் இருப்பாள். பக்கத்தில் அவனும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. கேட்டால் சிரிப்பான் என்று கேட்டதில்லை.

பள்ளிக்கூட வேனாக ஓடித் தேய்ந்த ஒரு வண்டியை வாங்கி, கருங்கல் ஊரிலிருந்த வீட்டுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, சீட்டுகளைக் கழற்றினார்கள். கட்டிலும் அலமாரியும் ஆசாரி செய்தார். மின்சாரத்தை மட்டும் ஜெஸ்மி யாரிடமும் விடவில்லை. எபிசன் அங்கே மின்வேலைக்கு ஃபோர்மேன். அவனுக்கு மதிய இடைவேளை வரும் நேரம் அவள் பள்ளி விட்டு வந்திருப்பாள். டிரைவர் சீட்டில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அவன் பார்க்கப் பார்க்க வேலை செய்வாள். கோட்டாறில் கடை கடையாக ஏறி விரல் தடிமனில் கேபிள் கேட்டபோது ஒரு கடைக்காரர், “டீச்சர், இது வண்டிக்கா, ராக்கெட்டுக்கா?” என்று கேட்டார். கூரையில் இரண்டு சோலார் பேனல், கட்டிலுக்கடியில் லித்தியம் பேட்டரி, பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தருகிற ஆயிரம் வாட் இன்வெர்ட்டர். இரண்டு பேருக்கு அது தாராளம். மழை மூடி நின்றாலும் மூன்று நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் இரண்டாவது பட்டியல் வந்தது. இது டைப் அடித்தது. மூவாயிரம் வாட் இன்வெர்ட்டர், ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, டிவி, எட்டு சார்ஜிங் பாயிண்ட், வெளியிலிருந்து கரண்ட் எடுக்க ஒரு பிளக். படிக்கிற லைட் அதில் இல்லை.

“எதுக்கு ஏசி? நாம மலப்பக்கம்தானே போறோம்?” என்று கேட்டாள்.

“கெடக்கட்டு ஜெஸ்மி. வயசாகுதுல்லா. சூடு தாங்காது.”

“எட்டு சார்ஜிங் பாயிண்ட்?”

“அபினா கூட்டுக்காரிகளோட வந்தா?”

“கரண்ட் இல்லாத எடத்துக்குப் போற வண்டிக்கு வெளிய பிளக் எதுக்கு?”

“ஒரு சேஃப்டிக்குத்தான். கிளாஸ்ல கேக்க மாரி கேக்காத.” அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

மூவாயிரம் வாட்டைப் பன்னிரண்டு வோல்ட்டில் எடுத்தால் இந்தக் கேபிள் உருகிவிடும், எல்லாவற்றையும் இருபத்திநாலு வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும், ஏசி போட்டால் மழைக்காலத்தில் பேனல் ஒரு பகல் முழுதும் சேர்த்ததை இரண்டு மணி நேரத்தில் குடித்துவிடும் என்று அவள் விளக்கினாள். “பைய பாப்போம். இப்ப உள்ளத முடி” என்றான். அவள் முதல் பட்டியல்படியே முடித்தாள். மறந்திருப்பான் என்று நினைத்து, படிக்கிற லைட்டையும் தலைமாட்டில் பொருத்தினாள்.

செப்டம்பரில் பள்ளிக்கூடத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முந்தின நாள் அவனிடம் சொன்னபோது, “உனக்க இஷ்டம்” என்றான். தன்னை மதித்து அப்படிச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை பிள்ளைகள் கேக் வெட்டி அனுப்பி வைத்தார்கள். புதிய டீச்சர் அதற்குமுன்பே வந்து சேர்ந்திருந்தார்.

ஒரு நாள் விட்டு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையில் பிரசங்கம் முடிந்து, சபைச் செயலாளர் குமாரதாஸ் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களோடு மைக்குக்கு வந்தார். பிறந்தநாள், சுகம் கிடைத்தது, பிள்ளைக்கு சீட்டு கிடைத்தது என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனார். ஜெஸ்மிக்குப் பக்கத்தில் மாமியார் நேசபாய் உட்கார்ந்திருந்தாள்.

“நேசபாய். மகன் எபிசனுக்குக் கத்தாரில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை நீட்டிக் கிடைத்ததற்காகவும், இளைய மகன் அஜின் தொடங்கப்போகிற கேம்பர் வண்டித் தொழிலை ஆண்டவர் ஆசீர்வதிக்கவும், ஸ்தோத்திரக் காணிக்கை.”

குமாரதாஸ் அடுத்த கவரை எடுத்தார். நேசபாய் தலையில் கிடந்த சேலையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். பின் பெஞ்சிலிருந்து சத்தியபாய் குனிந்து ஜெஸ்மியின் தோளில் தட்டினாள்.

“ஏட்டி, ரெண்டு வருசமா! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னியா? சரியான கள்ளி!”

ஜெஸ்மி திரும்பிச் சிரித்தாள். சபை முழுவதற்கும் தெரிந்த ஒரு விஷயத்தை அவள்தான் மறைத்து வைத்திருந்தாள் என்று ஆகிவிட்டது.

வெளியே வந்ததும் நேசபாய் அவள் கையைப் பிடித்தாள். “மக்கா, நான் எனக்க ஆண்டவருக்குல்லா எழுதுனேன். அந்தக் குமாரதாஸ் பேர மட்டும் வாசிப்பான்னு நெனச்சேன்.”

“உங்களுக்கு எப்பம் தெரியும் மாமி?”

“ஆகஸ்ட்லயே. ஜெஸ்மிட்ட சொல்லாத, கிறிஸ்மஸுக்கு லீவுல வந்து நேர்ல சொல்லுகேன்னான். நானும் பல்லக் கடிச்சிட்டுக் கெடந்தேன். ஆனா நேர்ந்து பொருத்தன வச்சிருந்தேன்லா. கிறிஸ்மஸ் வரைக்கும் அத வச்சிட்டிருந்தா குத்தம். காரணம் எழுதாம போட்டா அது சேருமா?”

மருமகளிடம் மறைக்கலாம், ஆண்டவரிடம் மறைக்க முடியாது. அந்தச் சபையில் ஆண்டவருக்குச் சொல்வது மைக் வழியாகத்தான் போகும் என்பதை எழுபது வயதிலும் நேசபாய் கணக்கில் எடுக்கவில்லை. ஜெஸ்மிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. இத்தனை நாளில் அவளுக்கு உண்மையைச் சொன்னது அந்த ஒரு கவர்தான்.

எபிசன் வழக்கமான நேரத்துக்கு அழைத்தான். அவள் அடுக்களையில் நின்றே எடுத்தாள்.

“அம்ம சொல்லிட்டாளா?” என்றான் எடுத்த எடுப்பில். செய்தி வெளியானது அவனுக்கு எப்படியோ எட்டியிருந்தது.

“குமாரதாஸ் அண்ணன் சொன்னாரு. மைக்ல.”

“நேர்ல சொல்லணும்னு இருந்தேன் ஜெஸ்மி. கம்பெனிக்காரன் கூப்பிட்டுக் கேக்கும்போ இல்லன்னு சொல்ல நாக்கு வரல்ல. ஊருக்கு வந்து நான் என்ன செய்யட்டு? மூணு மாசம் சுத்தலாம். அதுக்குப் பொறவு? ரெண்டு வருசம் இன்னா போயிரும். அதுவர வண்டி சும்மா கெடக்காண்டாமேன்னு அஜின் கேட்டான்.”

“என்னைக்குக் கையெழுத்துப் போட்டீங்க?”

“ஆகஸ்ட்ல.”

“தேதி?”

“பதினாலு. எதுக்கு?”

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே யோசித்தாள். ஆகஸ்ட் பதினாலு. மறுநாள் பள்ளியில் கொடியேற்றம் என்பதால் நன்றாக நினைவிருந்தது. அன்று சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்குமேல் பேசினார்கள். கட்டிலில் தலைமாடு எந்தப் பக்கம் என்பது பேச்சு. அவள் பின்கதவுப் பக்கம் என்றாள். அவன் விடவில்லை. ஜன்னல் பக்கம் வை, காலையில் வெளிச்சம் உனக்க புத்தகத்தில் விழணும், நான் இந்தப் பக்கம் கெடந்துக்கிடுவேன் என்று வாதாடி ஜெயித்தான். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதிய இடைவேளையில் அப்படி வாதாடியிருக்கிறான்.

வெறும் பொய்யென்றால் அவள் தாங்கியிருப்பாள். கல்ஃபுக்குப் போனவர்கள் வீட்டில் பொய் ஒன்றும் புதிதில்லை. காய்ச்சலை ஜலதோஷம் என்பார்கள், சண்டையைத் தலைவலி என்பார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அவன் குரலில் பொய் இல்லை. அவ்வளவு அன்பாகத்தான் பேசினான். இனி அவன் அன்பாகப் பேசுகிறபோது எதை வைத்து நம்புவது? அதற்கு அவளிடம் ஒரு மீட்டரும் இல்லை.

“நான் ராஜினாமா குடுக்கப்போறேன்னு சொல்லும்போ நீங்க என்ன சொன்னீங்க?”

“உனக்க இஷ்டம்னு சொன்னேன்.”

“ஆமா. அதத்தான் சொன்னீங்க.”

“நீ எப்பப் பாத்தாலும் படிக்க நேரமில்ல, படிக்க நேரமில்லன்னு சொல்லுவல்லா. வீட்ல இருந்து படின்னு நெனச்சேன்.” பிறகு, பேச்சை மாற்ற வேறு வழி தெரியாமல் சொன்னான்: “அந்த ஏசி லைன நீயே இழுத்திரு என்னா? வெளியாள விட்டா நாசமாக்கிருவான். உனக்க வேல மாரி வராது.”

அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். ஐந்து மாதமாகத் தினமும் வந்த அழைப்புகளைக் குடும்பம் என்று அவள் நினைத்திருந்தாள். ஃபோர்மேனும் அவன் நம்பிய ஒரு வேலையாளும் பேசிக்கொண்ட பேச்சாகவும் அவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று அப்போதுதான் தெரிந்தது.

“செரி, வைக்கேன்” என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை மத்தியானத்துக்குமேல் அஜின் அளவு டேப்போடு வந்தான். வண்டியை வாடகைக்கு விட மஞ்சள் போர்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று என்றான். கட்டிலுக்கு மேலே இன்னும் இரண்டு அடுக்கு போட்டால் ஆறு பேர் படுக்கலாமாம். பெங்களூர் பிள்ளைகள் சூரிய உதயம் பார்க்க வந்து இறங்கினால் நேரே வண்டிக்குள் ஏறிவிடலாமாம்.

“அண்ணன் எல்லாம் சொல்லியிருப்பான்லா மைனி?” என்று தயங்கிக் கேட்டான்.

“சொன்னாரு.”

“அப்போ ஏசி?”

“இதுல ஓடாது. ஓட்டுனா கேபிள் உருகும். ஆறு பேரு உறங்கும்போ உருகும்.”

“ஐயோ. பின்ன இதக் கழட்டிட்டு இருபத்திநாலு வோல்ட்டு போடப் போறீங்களா?”

“இல்ல.”

“பின்ன?”

“கழட்டப் போறேன்.”

அஜின் டேப்பை உள்ளே இழுத்துக்கொண்டான். அது சரேலென்று சத்தத்தோடு சுருண்டது. “அண்ணன்கிட்ட கேக்காண்டாமா மைனி?”

“வண்டி உனக்க அண்ணனுக்கது. நீ கொண்டு ஓட்டு. இது ரெண்டு பேருக்குன்னு போட்டது, ஆறு பேருக்கு ஆகாது. உனக்கு வேண்டியத நல்ல ஆளா பாத்து முதல்லேருந்து போடச்சொல்லு.”

அவன் அம்மாவைத் தேடி வீட்டுக்குள் போனான். ஜெஸ்மி ஸ்பேனர்களை எடுத்து வந்தாள். முதலில் எல்லா சுவிட்சையும் அணைத்தாள். ஏணி போட்டுக் கூரையில் ஏறி, பேனல்கள்மேல் போர்வை விரித்து மூடி, அவற்றின் இணைப்பைப் பிரித்தாள். பேட்டரியை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். மேலே வெயில் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கீழே பேட்டரியைப் பிரித்தால் நடுவில் இருக்கிற கன்ட்ரோலர் எரிந்துவிடும். பொருத்துவதைவிடப் பிரிப்பதில்தான் வரிசை முக்கியம்.

இறங்கி உள்ளே வந்தபோது போன் அடித்தது. அஜினோ மாமியோ சொல்லியிருக்க வேண்டும். அவள் வீடியோவை எடுத்து, போனை டிரைவர் சீட்டில் சாய்த்து வைத்தாள்.

“ஜெஸ்மி,” என்றான் எபிசன். “என்ன செய்யுக?”

அவள் பேட்டரியின் நெகட்டிவ் போல்ட்டைத் தளர்த்தினாள். இன்சுலேஷன் டேப் கிழித்து முனையில் சுற்றினாள்.

“கோவம்னா நாலு வார்த்த ஏசு. இப்பிடிச் செய்யாத.”

பாசிட்டிவ் போல்ட். பிறகு ஃபியூஸ். ஒவ்வொன்றையும் அது வந்த அட்டைப்பெட்டியில் வைத்தாள். பெட்டிகளை அவள் தூக்கிப்போட்டிருக்கவில்லை. இன்வெர்ட்டரைச் சுவரிலிருந்து எடுக்கும்போது ஒரு திருகு உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று. குனிந்து, விளக்கில்லாததால் கையால் துழாவி எடுத்தாள். தலைமாட்டு லைட்டைக் கழற்றினாள். பலகையில் இரண்டு துளைகள் மிஞ்சின.

அவன் பேசுவதை நிறுத்தியிருந்தான். திரையில் அவன் முகம் அசையாமல் இருந்தது. லைன் போகவில்லை. பின்னால் யாரோ ஒருவர் தண்ணீர்க் குப்பியோடு கடந்து போனார். அவன் பார்த்துக்கொண்டிருந்தான், அவள் செய்துகொண்டிருந்தாள். அரைமணி நேரத்துக்குமேல் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மௌனத்துக்குத்தான் அவள் ஆசைப்பட்டிருந்தாள், இப்படியல்ல.

அவனுக்குப் பின்னால் சைரன் ஒலித்தது.

“ஜெஸ்மி, டூட்டிக்குப் போணும்.”

அவள் கடைசிப் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

“போங்க,” என்றாள்.