உர்ரென்று ஒரு படம்

அந்த வீட்டில் பிறந்த பெண் குழந்தைக்கு முகம் நிலையாக இல்லை. காலையில் பேக்கரிக்காரரின் முகம் இருக்கும். அவர் வேலைக்குப் போனதும் தாயின் முகம் வந்துவிடும். டாக்டர் எடை பார்த்தார், தடுப்பூசி போட்டார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்.

பேக்கரிக்காரரும் போட்டோக்காரரும் பதினோரு வருடமாகச் சேர்ந்து குடும்பம் நடத்துகிறவர்கள். மாடியில் குடியிருந்த மருந்துக்கடைக்காரிக்குக் குழந்தை வேண்டும், புருஷன் வேண்டாம். ஒரு மத்தியானம் மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். ஆஸ்பத்திரி மூலமாகக் குழந்தை. இரண்டு ஆண்களில் யாருடையது என்று யாரும் கேட்கக் கூடாது. யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் கண் இருக்கிறதே, அதை என்ன செய்வது? பேக்கரிக்காரரின் உருண்டை மூக்கு வந்தது, கன்னக்குழி வந்தது, மருந்துக்கடைக்காரியின் நெற்றி வந்தது. போட்டோக்காரருடையது என்று துளிகூட வரவில்லை. அவர் ஞாயிறுதோறும் குழந்தையை ஸ்டூடியோ ஸ்டூலில் உட்காரவைத்துப் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, லென்ஸ் வைத்துத் தேடினார். ஐந்து வருடத்தில் இருநூற்றுச் சொச்சம் படங்கள் சேர்ந்தன. பொறாமை அவரைப் பிடுங்கித் தின்றது. மற்ற இருவரும் குழந்தையோடு சிரித்தால் இவருக்குச் சோறு இறங்காது.

"நீங்க மூணு பேரும் ஒரு குடும்பம். நான் போட்டோ எடுக்க வந்தவன்," என்றார் ஒருநாள்.

"வாயக் கழுவு. உன் மடியிலதான தினமும் தூங்குது?" என்றார் பேக்கரிக்காரர்.

"தூங்கும்போதும் உன் மூக்குதான்."

சொன்ன கையோடு துணிமணிகளைப் பெட்டியில் அடைத்து ஸ்டூடியோவில் கொண்டுபோய் வைத்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு படம் வேண்டியிருந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவது என்று முடிவு. குழந்தையை ஸ்டூலில் உட்காரவைத்த நேரத்தில், கைக்குழந்தையோடு ஒருத்தி பாஸ்போர்ட் படத்துக்கு வந்தாள். கைக்குழந்தை வீறிட்டு அழுதது. போட்டோக்காரர் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "என் தங்கம்ல, என் பட்டுல்ல," என்று கொஞ்சினார். ஸ்டூல் காலில் குழந்தையின் செருப்பு டக் டக்கென்று இடித்தது. திரும்பிப் பார்த்தார். புருவம் இரண்டும் முட்டிக்கொண்டு, கீழுதடு பிதுங்கி, ஒரு பக்கத் தாடை இறுகி, உர்ரென்று அவருடைய முகம் உட்கார்ந்திருந்தது. ஐந்து வருடமாகக் கண்ணாடியில் பார்த்துச் சலித்த அதே முகம்.

"அத அவங்க அம்மாகிட்ட குடு," என்றது குழந்தை.

அவர் கொடுத்துவிட்டுப் படம் எடுத்தார். படம் தெளிவாக வந்தது. சட்டைகள் அன்றே அலமாரிக்குத் திரும்பின.

பள்ளி அலுவலகத்தில் இருந்தவர் படத்தைப் பார்த்தார், எதிரே நின்ற மூவரையும் பார்த்தார், போட்டோக்காரரிடம், "அப்பா நீங்கதான? கேக்கவே வேண்டாம்," என்றார். "ஆமா," என்றார் போட்டோக்காரர், தேவைக்கு மேல் சத்தமாக.

வீடு வந்து சேரும்வரை பேக்கரிக்காரர் மற்றவர்களுக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மருந்துக்கடைக்காரி கவனித்தாள்: அவருக்கும் முட்டிக்கொண்ட அந்தப் புருவம் வந்திருந்தது. அடுத்த ஞாயிறு நாலு பேருமாக உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.