ஈரச்சாக்கு போட்ட பேட்டரிப் பெட்டி

யுத்தகாலம். 1943 சித்திரை வெயில் தூத்துக்குடியை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது. துறைமுகப் பாலத்தின் முனையில், கொடிமரத்துக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே எட்டு பேட்டரிகள். தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்களோடு பேசும் கருவிக்கு அவைதான் உயிர்.

அந்தப் பெட்டியின் சூட்டைக் கவனிப்பது இனிகோவின் வேலை. உள்ளே தொங்கும் தெர்மாமீட்டர் நூற்றுப்பத்து டிகிரியைத் தாண்டக் கூடாது. போன மாதம் ஒரு பேட்டரி வெந்து போனது. இன்னொன்று போனால் வேலையும் போகும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். சங்கு குளிக்கப் போய்ச் செவிப்பறை கிழிந்தவனுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

மெக்கானிக் சிவனணைந்தபெருமாள் ஏரல்காரர், வாரம் ஒருமுறை வருபவர். பெட்டிமேல் சாக்கைப் போட்டு நனைத்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டுப் போனார். இனிகோ சொன்னபடி செய்தான். முதல் நாள் சூடு நூற்று நான்குக்கு இறங்கியது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாம் நாள் நூற்று எட்டு. நனைத்தது போதவில்லை என்று இரண்டு மடங்கு ஊற்றினான். ஆறாம் நாள் நூற்றுப் பதின்மூன்று. ஊற்ற ஊற்றச் சூடு ஏறுகிறதே, இதென்ன கூத்து? தெர்மாமீட்டர்தான் பொய் சொல்கிறது என்று அதைத் தன் கக்கத்தில் வைத்துப் பார்த்தான். அது ஒழுங்காகத் தொண்ணூற்றெட்டு காட்டியது. கண்ணேறு பட்டிருக்குமோ என்று கோயிலிலிருந்து மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்து தெளித்தான். பெட்டி அதற்கும் மசியவில்லை. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

ஏழாம் நாள் மத்தியானம் மனைவி அமலோற்பவம் சோறு கொண்டுவந்தபோது, பேட்டரி ஒன்று பொங்கி வழிந்து செத்துக் கிடந்தது. இனிகோ தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அவள் சாக்கைத் தூக்கினாள். அது கருவாடு போல விறைத்திருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் காற்று போவதற்கென்று இருந்த கம்பிவலை, ஓட்டை தெரியாமல் வெள்ளையாக அடைத்திருந்தது.

"உப்பு வெளைய வச்சிருக்கீங்களே, காத்து எப்படிப் போவும்?" என்றாள்.

இனிகோ பதறிப்போய்க் கத்தியால் சுரண்டினான். உள்ளேயிருந்து வெக்கை முகத்தில் அடித்தது. ஒரு மணி நேரத்தில் சூடு நூற்று ஏழுக்கு வந்தது. செத்த பேட்டரி செத்ததுதான்.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் வந்தார். பேட்டரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வரும்போதே மட்டமான சரக்கு, ஆபீஸுக்கு அப்படியே எழுதிவிடுகிறேன் என்றார். தலையை ஆட்டினால் போதும், வேலை தப்பிவிடும். இனிகோவால் ஆட்ட முடியவில்லை. ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

"சரக்கு மேல குத்தமில்ல அண்ணாச்சி. நான்தான் கடல் தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டேன்."

"கடல் தண்ணியா? அத ஏன்வே ஊத்துனீரு?"

இனிகோ விழித்தான். குடிதண்ணீருக்குக் குடத்தோடு மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிற ஊர் இது. நல்ல தண்ணீரை இரும்புக்கு யார் ஊற்றுவார்கள்? சிவனணைந்தபெருமாளும் விழித்தார். தாமிரபரணிக் கரையில் பிறந்தவருக்குச் சாக்கை வேறு எதில் நனைப்பார்கள் என்றே தோன்றியிருக்கவில்லை.

பிறகு அவர் பென்சிலை எடுத்து எழுதினார். இனிகோவுக்கு எண் தெரியுமே தவிர எழுத்து தெரியாது. என்ன எழுதினீர்கள் என்று பயந்து பயந்து கேட்டான்.

"சாக்கு போடச் சொன்னது நான், காத்துப் போற வழிய அடைக்கக் கூடாதுன்னு சொல்லாம விட்டதும் நான்னு எழுதியிருக்கேன்."

"ஒங்கள வெரட்டிப்புடுவாவளே, அண்ணாச்சி."

"வெரட்டுனா வெரட்டட்டும். ஏரல்ல எனக்கு வயலு கெடக்கு. நீரு எங்கவே போவீரு?"

இனிகோவுக்கு அழுகை வந்தது. வேலை தப்பிய சந்தோஷமா, அந்த மனுஷரை மாட்டிவிட்ட துக்கமா என்று அவனுக்கு விளங்கவில்லை.