முள் நகரவில்லை

வசந்தகுமாரியை கேஸ் திருடி என்று கத்தி நேற்று வேலையை விட்டு அனுப்பிவிட்டான் வெங்கட். எங்கள் அம்பத்தூர் பட்டறையின் புது சூப்பர்வைசர். நாற்பது பேர் பார்க்க அவள் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னான். கேஸை டிபன் பாக்ஸிலா கொண்டுபோவாள்?

போன வாரம்தான் வெல்டிங்குக்கு ஆர்கான் கேஸை நிறுத்திவிட்டு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இறக்கினார்கள். இரண்டு நாள் வேலை செய்தும் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் எழுபதிலேயே நின்றது. நேற்று அவள் ஷிப்டில் சரசரவென்று பூஜ்யத்துக்கு இறங்கியது. வெளியாள் யாருக்கோ நிரப்பிக் கொடுத்துவிட்டாளாம்.

இன்று காலையில் புது சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் எடைத் தராசு மேல் நிறுத்தி, அங்கிருந்தே டியூப் இழுத்து வெல்டிங் செய்தேன். எட்டு மணிக்கு எண்பத்திரண்டு கிலோ. பத்து மணிக்கு எழுபத்தெட்டு. வெங்கட்டைக் கூப்பிட்டேன்.

"முள்ளப் பாரு சார். எங்க கீது?"

"எழுபது."

"நாலு கிலோ எங்க போச்சு? நானும் திருடிட்டனா?"

"அழுத்தம் பாதியானா கேஸ் பாதி, கஸ்தூரி. ஆர்கான்ல அப்படித்தானே இறங்கும்?"

"ஊட்டுல என்னிக்காவது சமையல் சிலிண்டர தூக்கிப் பாத்துகீறியா? தீர்ற நாள் வரைக்கும் ஒரே மாதிரி எரியும். தூக்குனாத்தான் தெரியும். உள்ள தண்ணியாட்டம் கீது சார். மேல கேஸ் குறைய குறைய அது ஆவியாகினே இருக்கும். அது தீந்தாத்தான் முள்ளு எறங்கும்."

அவன் தராசைப் பார்த்தபடியே முணுமுணுத்தான்.

"அந்த பாதிக்குப் பாதி ஃபார்முலாவுல மூலக்கூறு ஒன்னையொன்னு இழுக்காது, இடமே அடைக்காதுன்னு வெச்சுக்குவோம். ஆர்கானுக்கு ஏறக்குறைய சரியா வரும். இந்த கார்பன் டை ஆக்சைடு நெருக்கினா ஒட்டிக்கிட்டு திரவமாயிடும். மறந்துட்டேன். சரி, திங்கக்கிழமை அவங்கள வரச் சொல்லு. இத பெருசாக்க வேணாம்."

அதற்கு மேல் சார் என்று எனக்கு வாயில் வரவில்லை.

"இழுக்காதுன்னு வெச்சுக்கின, சரி. அடைக்காதுன்னு வெச்சுக்கின, சரி. அவ திருடின்னு எத வெச்சு வெச்சுக்கின?"

டீ பெல் அடித்தது. நாற்பது பேரும் கைகழுவ வந்தார்கள். நான் போனை எடுத்து வசந்தகுமாரிக்கு அடித்து, ஸ்பீக்கரைப் போட்டு அவன் வாய்க்கு நேராக நீட்டினேன்.

"நேத்து திருடின்னு சொன்ன அதே சத்தத்துல இப்ப இல்லன்னு சொல்லு."