நகராத சைக்கிளில் கடைசி ஆள்

நகராத சைக்கிளில் முந்துவதென்ன, பிந்துவதென்ன என்று கேட்கிறவர்கள் அந்த ஸ்டூடியோவுக்குள் காலெடுத்து வைத்ததில்லை என்று அர்த்தம். ஜன்னல் இல்லாத பெரிய அறை. விளக்கை அணைத்துவிட்டுக் காது கிழியப் பாட்டு போடுவார்கள். தரையோடு நிறுத்தி வைத்த சைக்கிள்களில் ஏறிக்கொண்டு, ஏதோ நாய் துரத்துகிற மாதிரி எல்லோரும் மிதிப்பார்கள். எதிர்ச் சுவரில் ஒரு திரை. யார் எவ்வளவு மிதிக்கிறார்கள் என்று நொடிக்கு நொடி எண் போட்டுக் காட்டும். நன்றாக மிதிப்பவர் மேலே, மிதிக்க முடியாதவர் கீழே. திரையில் சொந்தப் பெயர் வராது. சேரும்போதே ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நம் ஆள், கொஞ்சமும் கூச்சமில்லாமல் 'மின்னல்' என்று வைத்துக்கொண்டாள். சேர்ந்த நாளிலிருந்து மின்னல்தான் கடைசி.

ஆனாலும் அவளுக்கு அங்கே ராஜ மரியாதை. எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடும் பயிற்சியாளன் அவளுக்கு முன் வரிசையில் நட்டநடு சைக்கிளைக் கொடுத்திருந்தான். அந்த இருட்டில் அந்த ஒரு சைக்கிளுக்கு மேல் மட்டும் விளக்கு எரியும். வகுப்பு முடிந்ததும், "மின்னலுக்கு ஒரு தட்டு தட்டுங்க! எப்படி விடாம வர்றாங்க பாருங்க!" என்பான். அறையே கை தட்டும். நாளெல்லாம் அடுத்தவர் மூக்கைப் பார்த்தே பிழைக்கிறவளுக்கு அதில் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் கணவன் இருந்தான்.

"சம்பளத்துல பாதியக் கொண்டு போய்க் கொட்டி, இருந்த இடத்துலயே மிதிச்சுட்டு வர்ற. அதுலயும் கடைசி. அதே மிதிய ரோட்டுல மிதிச்சா காய்கறியாவது வாங்கிட்டு வரலாம்."

இனிமேல் கடைசி நானில்லை என்று ஒரு நாள் இவன் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். கட்டிய பணத்துக்கு அது ஒன்று போதும் என்று அவள் மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

கடை மாடிப்படியைச் சாப்பாட்டு நேரத்தில் ஏறி இறங்கினாள். சோற்றைக் குறைத்தாள். ஒரு நாள் நிஜமாகவே ஒருவரை முந்திவிட்டாள். பக்கத்து சைக்கிள் பல் டாக்டர், பட்டப்பெயர் 'சிறுத்தை'. அன்றைக்கு மாஸ்டர் கை தட்டச் சொல்லவில்லை. சிறுத்தை இன்னும் இரண்டு வகுப்பு வந்து, இரண்டிலும் கடைசியாகி, அப்புறம் வரவேயில்லை. சிறுத்தை போனதும் மின்னல் பழையபடி கடைசிக்கு வந்தாள்.

மாஸ்டர் அவளைத் தனியே கூப்பிட்டான்.

"மேடம், உங்கள நம்பித்தான் இந்த வகுப்பே ஓடுது."

அவள் பூரித்துப் போனாள். ஒரு நிமிஷம்தான்.

"கடைசியா வர்ற யாரும் நிலைக்கறதில்ல, நின்னுடறாங்க. நீங்க ஒருத்தர்தான் நிக்கல. நீங்க கீழ இருக்கிற வரைக்கும் மத்தவங்க நிம்மதியா பணம் கட்டுவாங்க. உங்களுக்குப் பாதிக் கட்டணம் போதும். யாரையும் முந்த மட்டும் வேணாம்."

சலுகை விலையில் சோப்பு விற்கிறவன் மாதிரி சிரித்த முகத்தோடு சொன்னான். தலைக்கு மேல் விளக்கு எதற்கு என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லோரும் பார்த்து ஆறுதல் அடைவதற்கு! அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. போனால் கணவன் சொன்னது சரியாகிவிடும்.

"என் இடத்துக்கு வேற ஒருத்தர் வந்தா?"

"தாராளமா. ஆனா எவ்வளவு பட்டாலும் நிக்காத ஆளா இருக்கணும். அப்படி யாரு இருக்கா?"

அவளுக்குத் தெரிந்து ஒரு ஆள் இருந்தாள். கூடப் பிறந்த அக்கா. குடிநீர் அலுவலகத்தில் புகார் போனை எடுப்பவள். தண்ணீர் வராத அத்தனை பேரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவளைத்தான் திட்டுவார்கள். அவளும், "மன்னிச்சுக்கோங்க சார்" என்பாளே தவிர ஒருநாளும் போனை வைத்ததில்லை. உட்கார்ந்தே உடம்பு பெருத்து, முட்டி வலி வேறு.

"அவ்வளவு காசுக்கு ஏத்ததாடி அது?" என்றாள் அக்கா.

"உன் முட்டிக்கு ரொம்ப நல்லதுக்கா. நான் சொல்றேன், கண்ண மூடிக்கிட்டு வா."

முட்டி வைத்தியத்துக்கென்று சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் கட்டிவிட்டு, அக்கா வந்தாள். பட்டப்பெயர் கேட்டதற்கு, "எனக்கெதுக்குப் பேரு? மின்னலோட அக்கான்னே போட்டுடுங்க" என்றாள். மாஸ்டர் அவளை நட்டநடு சைக்கிளில் ஏற்றினான். தங்கை சிறுத்தையின் சைக்கிளுக்கு மாறிக்கொண்டாள்.

அதன்பின் எல்லாம் நினைத்தபடியே நடந்தது. திரையின் அடியில் மின்னல், அதற்கும் அடியில் மின்னலோட அக்கா. இப்போது தான் கடைசியில்லை என்று கணவனின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அன்றைக்கு அவள் சாப்பிட்ட சாப்பாடு தேனாக இனித்தது. ஒரு நாள் எல்லோரும் ஷூ கழற்றிக்கொண்டிருந்த இடத்தில், "எங்க அக்கா சின்ன வயசுலேர்ந்தே ஆமைதான்" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். வேடிக்கை என்னவென்றால், அக்காவின் முட்டி வலி நிஜமாகவே குறைந்துகொண்டு வந்தது.

அடுத்த வாரம் வகுப்பு நடுவில் தங்கைக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. திரையில் அவள் எண் சரிந்தது. போச்சு, இன்றைக்கு அக்கா முந்திவிடுவாள் என்று கீழ் வரியைப் பார்த்தாள். அக்காவின் எண்ணும் சரிந்துகொண்டிருந்தது. இவள் இன்னும் மெதுவாக மிதித்தாள். அதுவும் மெதுவாகக் கீழே இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் வேகம் கூட்டினாள். அதுவும் ஏறி, இவளுக்கு ஒரு படி கீழே வந்து நின்றுகொண்டது.

திரும்பிப் பார்த்தாள். அறையில் எல்லோரும் வியர்வையில் குளித்துக்கொண்டிருக்க, அக்காவின் நெற்றி காய்ந்திருந்தது. மூச்சு வாங்கவில்லை. கண் மட்டும் திரையில் தங்கையின் எண்ணை விட்டு அகலவில்லை. இத்தனை வாரமாக மேலேயே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது தெரியாமலே போயிருந்தது.

தங்கை பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள். அக்காவும் நிறுத்தினாள்.

"என்னக்கா பண்ற நீ?" என்று பாட்டுச் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

அக்கா குனிந்து அவள் காதருகே வந்தாள். "கால் பிடிச்சுக்கிச்சா? நிதானமா வா, எனக்கொண்ணும் அவசரமில்ல." பிறகு, போனில் பேசுகிற அதே தணிந்த குரலில் சொன்னாள்: "மாஸ்டர் மொத நாளே சொல்லிட்டாருடி, நீ என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு. என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல? உன்கிட்ட தோத்துப் போறதுக்கு நான் காசு வேற கட்டணுமா?"

குரலில் கோபம் இருந்தால் தாங்கியிருப்பாள். இல்லை. அக்காவின் கழுத்தை அங்கேயே நெரித்துவிட வேண்டும் போல இருந்தது அவளுக்கு. வலித்த காலை மறுபடி பெடலில் வைத்து, வெறி பிடித்தவளைப் போல மிதித்தாள். திரையில் அவள் எண் ஏறியது. அக்காவின் எண்ணும் ஒரு படி கீழே, கூடவே ஏறி வந்தது.