கூடை இல்லாமல் நடந்தவள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நோய் என்றால் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கால் வீங்க வேண்டும், கையில் மாவுக்கட்டு இருக்க வேண்டும், குறைந்தது தலையில் ஒரு துணியாவது கட்டியிருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாமல் உடம்பெல்லாம் வலிக்கிறது என்று சொன்னால் அதற்குப் பெயர் நோய் இல்லை, வேலைக் கள்ளம். லயத்து வரிசை வீடுகளில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

எனக்கு உடம்பெல்லாம் வலித்தது. கழுத்து, தோள், முதுகு, இடுப்பு என்று இடம் மாறி மாறி வலித்தது. காலையில் கண் விழித்தால் யாரோ இரவெல்லாம் உலக்கையால் இடித்தது போலிருக்கும். டிஸ்பென்சரி ஐயா பல வருஷமாக ஒரே மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "வயசு போகுதில்ல, பவளக்கொடி" என்பார். எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. அறுபதைத் தாண்டிய அவர் மோட்டார் சைக்கிளில் பறந்துகொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், பொறுக்க முடியாமல், ஹாலிஎலைக்கு இறங்கிப் பஸ் பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரத்தம் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு பெரிய டாக்டர் வாய்க்குள் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார்: பைப்ரோமயால்ஜியா. சொல்லிவிட்டு, உடற்பயிற்சி கொடுக்கும் சிவரூபி மிஸ்ஸிடம் அனுப்பினார்.

சிவரூபி மிஸ் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என்னைக் குப்புறப் படுக்க வைத்துக் கழுத்துக்குப் பின்னால் பெருவிரலை வைத்ததும் நான் அலறிவிட்டேன். அவள் பதறவில்லை. மெதுவாக நீவினாள், தோளை உருட்டினாள், கழுத்தைத் தாங்கிப் பிடித்துத் திருப்பினாள். எழுந்தபோது கொஞ்ச நேரத்துக்காவது கழுத்து என்னுடையதாக இருந்தது.

"வலி உண்மைதான் அம்மா. நீங்கள் பொய் சொல்லேல்லை" என்றாள். அதை என்னிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஆனா நான் அமத்திவிடுறது கொஞ்ச நேரத்துக்குத்தான் நிக்கும். மிச்சம் நீங்கள்தான் செய்யோணும். ஒவ்வொரு நாளும் காலமை நடவுங்கோ. சமமான றோட்டிலை, தலையிலை பாரம் இல்லாமல். முதல்லை கொஞ்சத் தூரம், பிறகு கூட்டுங்கோ. கையை வீசி நடவுங்கோ."

கூடை சுமக்கக் கூடாது, இலேசான வேலை கொடுக்க வேண்டும் என்று டாக்டர் துண்டு எழுதித் தந்தார். தோட்டத்துத் துரை அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னை நர்சரிக்கு அனுப்பினார், தேயிலைக் கன்றுப் பைகளுக்கு மண் நிரப்ப.

வேலை கிடைத்துவிட்டது. சமமான ரோட்டுக்கு எங்கே போவது? எங்கள் தோட்டத்தில் ஏற்றம் உண்டு, இறக்கம் உண்டு, சமமான ரோடு ஒன்றே ஒன்றுதான். அது பெரட்டுக் களத்துக்கு முன்னால் இருக்கிறது. விடிந்ததும் ஆட்கள் அங்கே கூடுவார்கள், கங்காணி பேர் கூப்பிட்டு யார் எந்த மலைக்கு என்று பிரிப்பார். எனக்கும் அந்த நேரம்தான் வாய்த்தது. அதற்கு முன்னால் பீலிக் குழாயில் தண்ணீருக்கு நிற்க வேண்டும், அதற்குப் பிறகு நர்சரி. ஆகவே தலையில் கூடையும் கயிறுமாக ஊரே நிற்க, நான் மட்டும் வெறுங்கையை வீசிக்கொண்டு அவர்கள் முன்னால் போய்ப் போய் வந்தேன்.

காறித் துப்பினார்கள். சிலர் சத்தமாகவே சிரித்தார்கள். எல்லோரையும் விட மோசம் செவனம்மா.

அவள் என் புருஷனின் தங்கை, லயத்தில் என் வீட்டை ஒட்டிய அடுத்த காம்பராவில் இருக்கிறவள். புருஷன் செத்த பிறகு எங்களுக்குள் மிச்சமிருந்த உறவு நடுச்சுவர் ஒன்றுதான். கொழுந்து எடுப்பதில் அவளை மிஞ்ச எங்கள் மலையில் ஆள் இல்லை. அந்தத் திமிர் அவளுக்கு நிறைய உண்டு. எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் மரியாதையை மட்டும் விடமாட்டாள்.

"என்ன அண்ணி, தொரச்சாணி மாதிரி காத்து வாங்குறீங்க? கொடை ஒண்ணு கொண்டாரட்டுமா?"

கையை இன்னும் பெரிதாக வீசி நடந்தேன். நடக்க நடக்க எனக்கு நல்லாகிக்கொண்டு வந்தது, அதுதான் விஷயம். பல மாதங்களுக்குப் பிறகு கையைத் தூக்கி நானே தலை வாரினேன். இரவில் தூக்கம் வந்தது. அதை யாரிடம் சொல்வது? நல்லாகிவிட்டது என்றால் கூடையைத் தூக்கு என்பார்கள். நல்லாகவில்லை என்றால் பிறகு என்ன நடை என்பார்கள்.

செவனம்மா சும்மா இருக்கவில்லை. நேரே ஆபீசுக்குப் போய்த் துரையிடம் சொல்லிவிட்டாள். துரை என்னைக் கூப்பிட்டார்.

"துண்டு இருக்கு, சரி. ஆனா ரோட்டுல சும்மா நடக்கிறத இன்னொரு தடவ கண்டா, கூடைதான். கூடை வேணாம்னா தோட்டத்துல பேரு இல்ல."

பேர் இல்லை என்றால் காம்பராவும் இல்லை. அது என் பெயரில் இருந்தது. அதை விட்டால் பூனாகலையில் மகள் வீட்டுக்குப் போய், மருமகனின் இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு மூலையில் சுருண்டு கிடக்க வேண்டும். அதைவிடச் சாகலாம்.

பயந்துவிட்டேன். தலையில் துணி கட்டினேன். நெற்றியில் பற்றுப் போட்டேன். குறுக்குப் பாதையில் நொண்டி நொண்டி நர்சரிக்குப் போய் வந்தேன், மற்ற நேரமெல்லாம் இஸ்தோப்பில் ஊர் பார்க்கப் படுத்து முனகினேன்.

உடனே எல்லோருக்கும் என்மேல் அன்பு பொங்கிவிட்டது! துப்பினவர்கள் வந்து நலம் கேட்டார்கள். கங்காணிகூட "பாவம்" என்றார். செவனம்மா ரசம் வைத்துக் கொண்டு வந்தாள், தைலம் போட்டு முதுகு தேய்த்தாள். அவள் கை அம்மிக்கல். தேய்க்கும்போதும் வாய் ஓயாது.

"எனக்குந்தான் கழுத்து வலிக்குது. நான் யாருகிட்டயாச்சும் சொன்னேனா? பதுளைக்கு ஓடுனேனா?"

முதலில் அது வேஷமாக இருந்தது. கொஞ்ச நாளில் வேஷம் தேவைப்படவில்லை. படுத்துப் படுத்து உடம்பு கட்டையாகிவிட்டது, பழைய வலி கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. சீப்பைப் பிடிக்க முடியவில்லை. மறுபடி பதுளைக்குப் போனபோது சிவரூபி மிஸ் தோளைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"நடக்கிறதை விட்டிட்டீங்கள், என்ன?"

நடந்ததைச் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "படுத்துக் கிடந்தா இது கூடத்தான் செய்யும். இதுக்கோ நான் இவ்வளவு பாடுபட்டனான்?"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க வந்து எங்க பெரட்டுல நடந்து பாருங்க மிஸ், அப்பத் தெரியும்."

"உங்கட பெரட்டு எனக்குத் தெரியாது. உங்கட கழுத்துத்தான் தெரியும்" என்றாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளைத் திட்டினேன். துரையைத் திட்டினேன், செவனம்மாவைத் திட்டினேன், செத்துப்போன புருஷனையும் விடவில்லை. ஹாலிஎலையில் இறங்கும்போது திட்ட ஆள் தீர்ந்துவிட்டது. காம்பரா போனால் போகட்டும், இந்த உடம்பை விட்டுவிட்டு அந்தக் காம்பராவில் யார் இருக்கப் போகிறார்கள்?

மறுநாள் காலையில் துணியை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டுப் பெரட்டுக் களத்துக்கு முன்னால் போனேன். முதல் அடியே முழங்காலில் இடித்தது. கையை வீசி நடந்தேன்.

"அண்ணி!"

செவனம்மா கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "என் கையால ரசம் வச்சுக் குடுத்தேனே, எல்லாம் பொய்யா? முதுகு தேச்சேனே! மனுசியா நீங்க?"

நான் நிற்கவில்லை, நின்றால் அழுதுவிடுவேன். ரோட்டின் கடைசி வரைக்கும் பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தாள். நான் திரும்பினேன், அவளும் திரும்பினாள். பெரட்டுக் களமே வாயைப் பிளந்து பார்த்தது.

"விடு செவனம்மா" என்று கங்காணி கத்தினார். "இன்னைக்கே பேர வெட்டச் சொல்றேன். ஊர ஏமாத்திச் சோறு திங்கிற கழுத!"

செவனம்மா நின்றாள். அவர் பக்கம் திரும்பினாள்.

"யாரக் கழுதங்கிறீங்க? அவங்க என் அண்ணன் பொண்டாட்டி. அவங்கள வைய நான் இருக்கேன். நீங்க யாரு?"

"நீதானே தொரகிட்டப் போய்ச் சொன்ன?"

"நாந்தான் சொன்னேன். இன்னைக்கு நானே போய் மாத்திச் சொல்றேன். இப்ப ஆத்தரத்துல கத்திட்டேன், ஆனா வலி பொய் இல்ல. இவங்க தூங்குனப்ப நான் கழுத்துல அமுக்கிப் பாத்தேன். சாயம் வெளுத்துரும்னுதான் அமுக்குனேன். தூக்கத்துலயே துடிச்சாங்க. தூக்கத்துல எவ நடிப்பா, சொல்லுங்க? நடந்தப்ப செவத்துக்கு அந்தப் பக்கம் முனகல் இல்ல. படுத்தப்ப ராப்பூரா முனகல். பக்கத்துக் காம்பராவுல கெடக்குறவ நானு, நீங்களா? அவங்க பேரக் கூப்புடுங்க. இல்லாட்டி என் பேரையும் வெட்டிட்டு நீங்களே போய்க் கொழுந்து எடுங்க."

எனக்கு நன்றி வரவில்லை. தூங்குகிறவளை அமுக்கிப் பார்த்திருக்கிறாள், பாவி! அவளை அறையலாம் போலிருந்தது. ஆனால் கால் மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

கங்காணி தொண்டையைச் செருமினார். யார் யாரையோ கூப்பிட்டார். கடைசியில் என்னைப் பார்க்காமலே, "பவளக்கொடி, நர்சரி" என்றார். ரோட்டிலிருந்தே "இருக்கேன்" என்று கத்தினேன்.

சொன்னபடியே செவனம்மா ஆபீசுக்கும் போய்க் கத்தினாள். துரைக்கு அவள் எடுக்கும் கொழுந்து வேண்டும். என்னை விட்டுவிட்டார்.

அடுத்த நாள் நான் கிளம்பும்போது இஸ்தோப்பில் வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

"அந்த யாழ்ப்பாணத்து மிஸ்ஸு கழுத்துல எங்கன அமுக்குச்சு? காட்டுங்க."

உட்காரச் சொன்னேன். முடியை விலக்கிக் கழுத்துக்குப் பின்னால் பெருவிரலை வைத்தேன், சும்மா வைத்தேன், அவ்வளவுதான். லயம் முழுக்கக் கேட்கும்படி அலறிவிட்டாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்தது. எத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டு கூடை சுமந்தாளோ!

"நடிக்காத செவனம்மா" என்றேன். "எந்திரி, நடக்கப் போவோம்."