தேங்காய்த் தண்ணீர் குடித்த பெட்டி

மலேசியாவின் கிள்ளான் நகரில் பக்கிரிசாமியின் பட்டறைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் அந்த லேத்தை, இரும்பு கடையும் அந்த இயந்திரத்தை, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அப்படி வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில், உத்தரத்தில் சுழன்ற தண்டிலிருந்து தோல் பெல்ட் இறங்கி ஓட்டிய காலத்து இரும்பு அது. பிற்பாடு யாரோ மாட்டிய தடி மோட்டார் ஒருநாள் கருகிப்போகவே, பக்கிரிசாமி உஷாராணியைக் கூப்பிட்டார்.

உஷாராணி தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆரம்பித்திருந்தாள். இதுதான் அவளுக்கு முதல் வேலை. புது மோட்டார் வைத்தாள். பெல்ட்டை அதோடு பூட்டினாள். குமிழைத் திருகினால் வேகம் கூடிக் குறைகிற மின்பெட்டி ஒன்றையும் இணைத்தாள். அந்தத் தெருவில் இதே மாதிரிக் கிழட்டு இயந்திரங்கள் இன்னும் நாலைந்து இருந்தன. பக்கிரிசாமி தலையாட்டினால் அத்தனையும் அவளிடம் வரும். அவர் முகம் சுளித்தால், பழைய மேனேஜர் முன்னால் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஓட்டிப் பார்க்கும் நாளன்று பட்டறை கல்யாண வீடாகிவிட்டது. லேத்துக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பக்கிரிசாமி சூடம் காட்டிவிட்டு, வழக்கம்போல இயந்திரத்தின் காலடியில் தேங்காயை ஓங்கி அடித்தார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. அதன் தண்ணீர் முழுவதும், அங்கே பக்கத்திலேயே இருந்த மின்பெட்டியின் காற்றுத் துளைகளுக்குள் இறங்கியது.

லேத் எத்தனையோ வருஷமாகத் தேங்காய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தது. பெட்டிக்கு அந்தப் பழக்கம் இல்லை. பிறந்ததிலிருந்து இந்தப் பூசையைப் பார்த்து வளர்ந்தும், கைக்கு எட்டட்டும் என்று பெட்டியைக் கீழே வைத்தாளே, அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது உஷாராணிக்கு.

"சுவிட்ச தட்டும்மா," என்றார் பக்கிரிசாமி.

"முடியாது அங்கிள். உள்ள ஈரம். கரண்ட் ஏறுச்சுன்னா பொட்டி செத்துரும்."

"ராகு காலம் வரப் போவுது! நல்ல நேரத்துல சுத்தாத மெஷினு அப்புறம் எங்க சுத்தும்? நாலு சொட்டுத் தண்ணிதானே லா!"

"பழைய மோட்டாரே தேவல," என்று முணுமுணுத்தான் பக்கத்துப் பட்டறை லோகன்.

உஷாராணிக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டினால் ஒருவேளை ஓடலாம். ஆனால் ஒருவேளையை நம்பி அவள் வேலைக்கு வரவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பியவள் கண்ணில் பெல்ட் பட்டது. இந்த லேத் மோட்டாரைக் கேட்டுப் பிறந்ததில்லை. பெல்ட்டை இழுத்தால் சுற்றும், இழுப்பது யாரானால் அதற்கென்ன? பெல்ட்டை மோட்டாரிலிருந்து கழற்றினாள்.

"நல்ல நேரத்துல சுத்தணும், அவ்ளோதானே? வாங்க, இழுங்க!"

பக்கிரிசாமி முறைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார். லோகன் மறுபக்கத்தை இறுக்கிப் பிடித்துக் கொடுத்தான். சக் முனகிக்கொண்டே திரும்பியது. அது கவ்வியிருந்த பித்தளைத் துண்டும் கூடவே சுழன்றது. உஷாராணி வெட்டுளியை மெல்ல நெருக்கினாள். பொன் நிறத்தில் ஒரு சுருள் நெளிந்து விழுந்தது. பக்கிரிசாமி அதை எடுத்துக் குங்குமத் தட்டில் வைத்தார். மூச்சு வாங்கியதில் அவருக்குத் திட்டக்கூட வரவில்லை.

அன்று மாலையே உஷாராணி பெட்டியைத் திறந்து, தேங்காய்த் தண்ணீரின் பிசுக்குப் போக, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரால் உள்ளேயிருந்த சர்க்யூட் பலகையைக் கழுவினாள். வீட்டில் முடி உலர்த்தும் மெஷினால் அதை உலர்த்தி, மறுநாள் வெயிலிலும் வைத்தாள். பிறகு பெட்டியைச் சுவரில் தலைக்கு மேலே மாட்டினாள்.

அப்போது பக்கிரிசாமி இன்னொரு தேங்காயோடு வந்தார். அவள் சட்டென்று பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். அவரோ லேத்தைத் தாண்டி நேரே தெருவுக்குப் போய் அங்கே உடைத்தார்.

உஷாராணி சுவிட்சைத் தட்டிக் குமிழைத் திருகினாள். லேத் சுற்றியது, அவ்வளவு அமைதியாக. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த லோகன் தலையைச் சொறிந்தான். "அக்கா, என் டிரில்லிங் மெஷினுக்கும் இதே மாதிரி ஒண்ணு போடணும். அண்ணே, எப்ப நல்ல நேரம்னு காலண்டர் பாத்துச் சொல்லுங்களேன்."

"காலண்டர என்னாத்துக்குப் பாக்குற?" என்றார் பக்கிரிசாமி. "அவ எப்ப ஃப்ரீயோ, அதான் உனக்கு நல்ல நேரம்."